புள்ளி ஏழு மில்லிமீட்டர்

ஜூன் 3

அன்புள்ள அத்தானுக்கு,

தினமும் சாயங்காலம் போனில் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் வரும்போது அக்கா பக்கத்திலேயே இருக்கிறாள். நான் “நல்லா இருக்கேன் அத்தான், சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டு அவளிடம் கொடுத்துவிடுகிறேன். ஒன்றரை வருடமாக நான் உங்களோடு பேசியது அவ்வளவுதான். நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா துணி மடித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். உங்கள் பம்ப் கம்பெனி முதலாளியம்மா உங்களைக் கூப்பிட்டு, “ஸ்டோர்ஸ்ல எதுக்கு உக்காந்திருக்கீங்க, டிசைன் பக்கம் வாங்க, எங்களுக்கு ஒரு சர்க்யூட் போர்டு வரைஞ்சு குடுங்க” என்று கேட்டார்களாம். நீங்கள் மாட்டேன் என்றுவிட்டீர்களாம். “என் கையை நானே நம்பறதில்லைனு சொன்னாராம்டி. பதினஞ்சு வருஷம் போர்டு வரைஞ்ச மனுஷன்!” என்று சொல்லிவிட்டு, உங்கள் சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். நீங்கள் இங்கே விட்டுப்போன அந்த நீலச் சட்டை. யாரும் போடாத சட்டையை வாரா வாரம் துவைக்கிறாள்.

அதனால்தான் எழுதுகிறேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தாயிற்று. நேரே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலை போகக் காரணமான அந்த போர்டில் தப்பு செய்தது நீங்கள் இல்லை. நான்.

அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் நோயாளி நர்ஸைக் கூப்பிட அமுக்கும் பொத்தான், அதன் பெட்டிக்குள் போகிற போர்டு. நீங்கள் வரைந்து முடித்துவிட்டீர்கள். பாப்பாவுக்குப் பல்வலி என்று போன் வந்தது. “எழுத்தெல்லாம் கோணல்மாணலா நிக்குது, அதை மட்டும் நேராக்கிட்டு போர்டு செய்யறவங்களுக்கு அனுப்பிடும்மா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். போர்டின் மேல் அச்சாகும் எழுத்துகளை மட்டும். நான் சேர்ந்து ஐந்து மாதம். உங்கள் பேச்சை நம்பித்தான் என்னை வேலைக்கே எடுத்தார்கள்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க சோம்பல்பட்டு, வடிவங்கள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ‘அலைன் டு கிரிட்’ கொடுத்தேன். எல்லாம் சட்டென்று ஒரு துளி நகர்ந்து கட்டத்தோடு ஒட்டிக்கொண்டன. பார்க்க அழகாக இருந்தது. திருகாணி போகும் இரண்டு ஓட்டைகளும் வடிவங்கள்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. பெட்டிக்காரர் கொடுத்த அளவுப்படி விளிம்பிலிருந்து 17.3 மில்லிமீட்டரில் ஒன்றும் 52.6இல் ஒன்றும் வேண்டுமென்றேதான் நீங்கள் வைத்திருந்தீர்கள். ஒன்று 17க்குப் போயிற்று, மற்றது 53க்கு. நடுவில் இடைவெளி புள்ளி ஏழு மில்லிமீட்டர் கூடிவிட்டது. மென்பொருள் சோதனையில் ஒரு பிழையும் காட்டவில்லை. கம்பிகள் சேர்ந்திருக்கின்றனவா என்றுதான் அது பார்க்கும். பெட்டிக்குள் போகுமா என்று அதற்கு என்ன தெரியும்? அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, நிம்மதியாகத் தலைக்குக் குளித்தேன்.

இது எனக்கே ஆறு மாதத்துக்கு முன்னால்தான் புரிந்தது அத்தான். வேறொரு போர்டில் அதே மாதிரி செய்யப்போய், ஓட்டை நகர்வதைப் பார்த்ததும் திக்கென்றது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

நீங்கள் தாராளமாக வரையலாம். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
கடுகு


ஜூன் 11

அன்புள்ள கடுகுக்கு,

உன் கடிதத்தை ஸ்டோர்ஸ் ஜன்னலோரம் நின்று படித்தேன். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை படித்து முடித்துவிட்டு, பேரிங் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து சிரித்தேன். லோடு இறக்க வந்தவர், “என்ன சார், லாட்டரியா?” என்று கேட்டார். “அதைவிடப் பெரிசுங்க” என்றேன்.

இந்த ஒன்றரை வருடத்தில் நான் எத்தனை கண் டாக்டரைப் பார்த்தேன் தெரியுமா? இரண்டு. முதல் டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்து இன்னொருவரிடம் போனேன். அவரும் அதையே சொல்லி, “நல்லா இருக்குனு சொன்னா சந்தோஷப்படாம கோவப்படறீங்களே” என்றார். கண்ணில் குறை இருந்திருந்தால் கண்ணாடி போட்டுத் தீர்த்துக்கொண்டிருப்பேன். குறை மூளையில் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அறையைப் பூட்டிவிட்டு இறங்குவேன், பாதிப் படியில் திரும்பி ஏறிப் போய் இழுத்துப் பார்ப்பேன். கீழ்வீட்டுக்காரர் எனக்கு ‘மறதி சார்’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

என் நோட்டில் 17.3 என்று நானே எழுதியிருக்கிறேன், திரையில் 17 என்று இருக்கிறது. கையால் எழுதியதைக் கண்ணால் பார்த்தும் தப்பாக அடித்திருக்கிறேனே என்று எத்தனை நாள் குழம்பினேன்! இப்போது விடை கிடைத்துவிட்டது.

நீ சின்னப் பெண். வேலை நிரந்தரமாகாத நேரம். தப்பு தெரிந்தபோது நான் ஊரைவிட்டே வந்தாயிற்று. பயந்துவிட்டாய், அவ்வளவுதானே? ஆறு மாதம் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாய், போதும். அக்காவிடம் சொல்லாதே. அவளுக்குக் கோபம் வந்தால் வீடு தாங்காது. நானும் சொல்லமாட்டேன்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. போர்டு பெட்டியில் உட்காரவில்லை என்று தெரிந்த அன்று மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து, “பழைய காப்பி ஏதாவது உன்கிட்ட இருக்கா, தேடிப் பாரும்மா” என்று கேட்டேனே, நீ சாப்பிடக்கூடப் போகாமல் இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடினாய். இல்லை என்று சொல்லும்போது உனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் அன்று எனக்காக அழுதது நீ ஒருத்திதான். அதை நான் மறக்கமாட்டேன்.

நாளை முதலாளியம்மாவைப் பார்த்து, போர்டு வேலையை ஒத்துக்கொள்ளப் போகிறேன்.

அன்புடன்,
அத்தான்


ஜூன் 16

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டேன், அன்றும் சாப்பிடவில்லை.

நீங்கள் திட்டியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. வாங்க வேண்டியதை வாங்கிவிட்டோம் என்று ஆறியிருப்பேன். நீங்கள் எனக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு. அதைப் பெட்டிக்குள் போட்டு மூட என்னால் முடியவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால்தான் புரிந்தது என்று எழுதினேன். பொய். எனக்கு அன்றே தெரியும். போர்டுகள் வந்து இறங்கி, போர்டுகளைப் பெட்டிக்குள் பொருத்துகிறவளை ‘அசெம்பிளி அக்கா’ என்போமே, அவள் ஒன்றைக் கொண்டுவந்து, “பெட்டில உக்கார மாட்டேங்குது, அரம் போட்டுத் தேய்ச்சா விரிசல் விடுது” என்று உங்கள் மேஜையில் வைத்தாளே, அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நீங்கள் கோப்பைத் திறந்தீர்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். 17, 53. இரண்டும் முழு எண். நீங்கள் ஒருநாளும் அப்படி வைப்பவர் இல்லை. வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் உங்களைக் கூப்பிட்டுவிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. நீங்கள், “கோப்புல என் பேர்தான் சார் இருக்கு, நான்தான் செஞ்சிருப்பேன்” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நீங்கள் வெளியே வந்து பழைய காப்பி கேட்டீர்கள். இருந்தது அத்தான். எந்தக் கோப்பைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு பிரதி எடுத்து வைக்க நீங்கள்தான் பழக்கினீர்கள். அன்றும் எடுத்திருந்தேன். 17.3, 52.6. நீங்கள் என்னிடம் கொடுத்த நேரத்தோடு. அந்த இரண்டு மணி நேரமும் நான் தேடவில்லை. அது எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அழித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு தடவை வந்து என் தோளைத் தட்டி, “விடும்மா, இல்லேனா இல்லை” என்றீர்கள். அழுகை அப்போதுதான் வந்தது. உங்களுக்காக வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பயத்தில் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அதற்காகத்தான். உங்களைக் கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்கள், பதினைந்து வருடம் வேலை பார்த்தவரை என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளில் உங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ‘இல்லை’ என்று ஒரு தடவை சொன்ன பிறகு ‘இருக்கிறது’ என்று எப்படிச் சொல்வது?

எல்லாப் பிரதிகளையும் அழித்தவள் ஒன்றை மட்டும் பென் டிரைவில் போட்டுப் பையின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறது.

உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உயரத்தைக்கூட மாற்றவில்லை. கால் தரையில் படுவதில்லை.

கடுகு


ஜூன் 27

கடுகு,

பத்து நாள் எழுதவில்லை. உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

வேலை போனது பெரிதில்லை. வேலை போகும், வரும். தப்பு செய்தது பெரிதே இல்லை, நான் செய்யாத தப்பா? ஒரு நாள் உனக்கு பயம் வந்ததும் எனக்குப் புரிகிறது. எனக்குப் புரியாதது மற்ற நாட்கள்தான்.

நான் இந்த ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு மாதம் உங்கள் அம்மா வீட்டில், உன்னோடு ஒரே கூரையின் கீழ் இருந்தேன். பாப்பா கணக்கு நோட்டை நீட்டினால், “சித்திகிட்ட காட்டு, அப்பா தப்பாப் பார்த்துடுவேன்” என்பேன். நீ வாங்கித் திருத்திக் கொடுப்பாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் உன் அக்கா ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்த் திருகிப் பார்த்துவிட்டு வருவாள். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சரிதானே, என்னை நம்பி எப்படி விடுவாள் என்று நானே அவள் பக்கம் பேசிக்கொண்டேன். கட்டிய மனைவி என் கையை நம்பாததை நான் நியாயம் என்று ஏற்றுக்கொண்டேன். நீ அதே கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாய்.

அந்த பென் டிரைவ் அப்போதும் உன் பைக்குள் இருந்திருக்கிறது.

ஜூன் 11ஆம் தேதி எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. அது வேறு ஒருத்திக்கு எழுதியது.

இனி எனக்கு எழுதாதே.

அத்தான் என்று கையெழுத்துப் போடவும் பிடிக்கவில்லை.


ஜூலை 13

அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்று மட்டும். நடந்ததை மற்றவர் சொல்லிக் கேட்பதைவிட என்னிடமிருந்தே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போனேன். பென் டிரைவை மேஜைமேல் வைத்தேன். சொல்ல ஆரம்பித்ததும் அவர் கையை உயர்த்தி, “அது முடிஞ்ச கதைம்மா. ஆஸ்பத்திரிக்காரங்களே மறந்துட்டாங்க. இப்ப எதுக்குக் கிளறணும்?” என்றார்.

“அவரை அனுப்புனீங்களே சார், அது முடியலையே” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்ப ஒரு தடவை சொன்னேன்.

கோப்பைத் திறந்து காட்டினேன். தேதியையும் நேரத்தையும் பார்த்தார். ஓட்டைகளின் அளவைப் பார்த்தார். அனுப்பிய கோப்பையும் பக்கத்தில் திறக்கச் சொன்னார். பிறகு, “அன்னைக்கு அவர்கிட்ட நான் ஒரு கேள்விகூடக் கேக்கலை. அவரே ஒத்துக்கிட்டாரேனு விட்டுட்டேன்” என்றார். “எழுதிக் குடு. உன் வேலைக்கு என்னாகும்னு என்னால சொல்ல முடியாது.” எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் போதும் என்று நினைத்தேன், மூன்று பக்கம் வந்தது. அந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்பி, முடிவு தெரியும்வரை அசெம்பிளியில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அசெம்பிளி அக்கா இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருகாணி டப்பாவை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தாள்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னேன். அம்மாவும் இருந்தாள். பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்து, அடி வாங்கத் தோதாகப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அவள் அசையவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவர் அணைச்ச அடுப்பை நான் திரும்பப் போய்ப் பார்ப்பேனே. நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?”

“ஆமாக்கா.”

“அப்பவும் உனக்கு வாய் வரலையாடி?”

அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பாத்திரச் சத்தம்கூட இல்லை. அம்மா என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டையும் நான்தானே பெத்தேன்” என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. பாப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். வந்ததும் உங்களிடம் கிளம்பி வருகிறாள். உங்களிடம் போனில் சொல்லியிருப்பாள். பெட்டிகளை அவளேதான் கட்டுகிறாள். நான் கயிற்றைப் பிடிக்கப் போனால் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை அத்தான். இடம்தான் மாறியிருக்கிறது. ஒன்றரை வருடமாக உங்கள் மூன்று பேர் தலையிலும் இருந்தது, இப்போது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

பதில் எதிர்பார்க்கவில்லை.

கடுகு


ஆகஸ்ட் 9

கடுகுக்கு,

அக்காவும் பாப்பாவும் போன ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார்கள். பழைய அறை போதாது என்று இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பிடித்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, மற்றபடி குறை இல்லை. வந்த அன்று உன் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, “நான் உங்களை நம்பியிருக்கணும்” என்றாள். “நானே நம்பலையே, நீ எப்படி நம்புவே?” என்றேன். இரண்டு பேரும் அழுதோம். பாப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இதை உனக்கு எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

உன் பெயரை எடுத்தால் அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள். பாப்பா மட்டும், “சித்தி எப்ப வருவாங்க?” என்று கேட்கிறாள்.

மேனேஜர் எனக்கு எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டு நான்கு வரி, திரும்பி வரச் சொல்லி இரண்டு வரி. வரமாட்டேன் என்று எழுதிவிட்டேன். இங்கே பம்ப் கட்டுப்பாட்டு போர்டு வரைய ஆரம்பித்துவிட்டேன். முதல் ஓட்டையை வைக்க ஒரு முழு நாள் ஆயிற்று. அளவைச் சத்தமாகப் படித்தேன், பக்கத்தில் இருந்தவரையும் படிக்கச் சொன்னேன். இரண்டாவது ஓட்டைக்கு அரை நாள். நேற்று ஏழு வைத்தேன்.

உன்னைப் பற்றியும் மேனேஜர் கேட்டிருந்தார். வேலையில் வைத்துக்கொள்ளலாமா என்று என் அபிப்பிராயம் வேண்டுமாம். என்னிடம் ஏன் கேட்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. மூன்று நாள் அந்தத் தாளைத் தொடவில்லை. நான்காம் நாள் இப்படி எழுதினேன்: “வேலை தெரிந்தவள். என்னிடம் பொய் சொன்னாள். யாரும் கண்டுபிடிக்காதபோது தானாக வந்து உண்மையைச் சொன்னாள். மூன்றையும் சேர்த்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.” கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. வேலை நிலைத்தால் எனக்கு நன்றி சொல்லாதே. போனால் என்மேல் வருத்தப்படாதே.

போன கடிதத்தில் நீ மன்னிப்புக் கேட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. நானும் தேடிப் பார்த்தேன். நல்லதுதான். கேட்டிருந்தால் போன தடவை மாதிரியே உடனே எடுத்துக் கொடுத்திருப்பேன். அது பத்து நாள்கூடத் தாங்கவில்லை. இந்தத் தடவை மெதுவாகத்தான் வரும். வருமா என்றே இன்னும் தெரியவில்லை.

போன் செய்யாதே. அக்கா எடுப்பாள், உன் குரல் கேட்டதும் வைத்துவிடுவாள், அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டாள். கடிதம் எழுது. ஸ்டோர்ஸுக்கு வேண்டாம், வீட்டு முகவரி கீழே இருக்கிறது. உறையின்மேல் உன் பெயரைப் பெரிதாக எழுது. வாங்குவது அவளாகக்கூட இருக்கலாம். பிரிக்காமல் என் மேஜையில் வைப்பாள் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு அது போதும்.

அத்தான்